பன்றிக் காவலுக்குக் கரன்ரி

என் கடைக்கும் ஏரம்பு அண்ணையின் றேடியோக் கடைக்கும் நடுவில் ஒரேயொரு பலகைத் தட்டிதான். அந்தப் பக்கம் ஜப்பான் பெட்டிகள் பாடும். இந்தப் பக்கம் நான் மண்வெட்டி, கயிறு, கடகம், சாக்கு என்று கமக்காரருக்குத் தேவையானதை விற்பேன். அவருடைய பாட்டுக்கு நான் ஒரு சதமும் கொடுத்ததில்லை. ஆனால் விற்கும்போது அவர் பேசுகிற பேச்சுக்கு யாராவது ரிக்கற் வைத்திருந்தால் வாங்கியிருப்பேன். நான் வியாபாரிகளுக்குள் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை குழம்பு கேட்டால்கூட அம்மா முடியாது என்றுதான் தொடங்குவா. பிறகு இறங்கி வருவா. அப்படிப் பழகிய காதுக்கே ஏரம்பண்ணையின் பேச்சு இனித்தது.

எண்பத்தோராம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்த கிழமை. வெளிநாட்டுச் சாமான்களுக்கு நாடு வாசலைத் திறந்துவிட்ட பிறகு, ஒரு றேடியோவுக்கு ஆள் பிடித்து அலைந்த கிளிநொச்சியில் கசெற் போடும் பெட்டிகள் வாழைக்குலை போலத் தொங்கத் தொடங்கியிருந்தன. வருகிறவர் முன்னால் ஏரம்பண்ணை ஒன்றை இறக்கி வைத்து, பெற்ற பிள்ளையின் தலையைப் போல அதைத் தடவுவார். "இது பாடினால் நாலு வயலுக்குக் கேக்கும்" என்பார். நாலு வயலுக்குக் கேட்டு என்ன ஆக வேண்டும் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மாயாண்டியும் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, உருத்திரபுரத்தில் காட்டோரமாக ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்துக் கச்சான், அதுதான் நிலக்கடலை, போட்டிருந்தவர் அவர். மார்கழியில் வந்து, ஒரு வருடத்துக்குள் பழுதானால் சும்மா திருத்தித் தரும் கரன்ரியோடு ஒரு பெட்டி வாங்கினார். ஒரு கசெற் இலவசம் என்று ஏரம்பண்ணை அவர் கைக்குள் வைத்து அழுத்தியதைத் தட்டியின் நீக்கலுக்குள்ளால் நானே பார்த்தேன்.

அந்தப் பெட்டியைத்தான் அன்று காலை உரச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. இரண்டாம் முறை திறந்தபோது அந்தக் காற்றுக்குள் கொஞ்சம் பேச்சும் இருந்தது.

"மொதலாளி, பொட்டி கெட்டுப் போச்சுங்க."

ஏரம்பண்ணையும் காரணமில்லாமல் குரலைத் தாழ்த்தினார். "எப்ப?"

"முந்தா நேத்துங்க."

"ஏன் மெல்லமாய்க் கதைக்கிறீர்? ஆரும் கேக்கக் கூடாதோ?"

"தொண்ட கட்டிருச்சுங்க. அன்னையில இருந்து நான்தான் கத்துறேன்."

"நீர் ஏன் கத்துறீர்?"

"பொட்டி கத்தலியே, அதாங்க."

ஏரம்பண்ணை பெட்டியை இயக்கிப் பார்த்தார். கிழிந்த ஓலையில் காற்று அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின்கட்டில் இருந்து அவருடைய மெக்கானிக் ஸ்ரீபன் எழுந்து வந்தான். நாயாற்றுப் பக்கத்துப் பொடியன். வலை பொத்திய குடும்பத்தில் பிறந்து வயர் பொத்த வந்தவன். திறந்து பார்த்து, "ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு அண்ணை. மற்றதெல்லாம் சரி. ஸ்பீக்கர் ஒண்டு இருக்கு..." என்றான்.

ஏரம்பண்ணை இருமினார்.

"...யாழ்ப்பாணத்திலை," என்று ஸ்ரீபன் முடித்தான்.

அவனை நான் மெச்சிக்கொண்டேன். கடையில் வேலை கற்றவர்கள் பலர் உண்டு. முதலாளியின் இருமல் படித்தவர்கள் சிலர்தான்.

"உண்மையைச் சொல்லும்," என்றார் ஏரம்பண்ணை. "இதை என்னெண்டு பாவிச்சனீர்?"

மாயாண்டி சூது தெரியாத மனிதர். கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குரல் இல்லாததால் அது ஏதோ பாவசங்கீர்த்தனம் மாதிரியே இருந்தது.

கச்சான் மண்ணுக்குள் முற்றத் தொடங்கியதும் காட்டுப் பன்றிகளுக்கு மணம் பிடித்துவிட்டது. தகரம் தட்டிப் பார்த்தார், தீ மூட்டிப் பார்த்தார். பன்றிகள் தீ வெளிச்சத்தில் வசதியாக நின்று தின்றன. அப்போதுதான் நாலு வயலுக்குக் கேட்கும் என்ற வசனம் நினைவுக்கு வந்திருக்கிறது. பெட்டியை வாங்கிக் காவல் கொட்டிலில் வைத்து, முதலில் றேடியோவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

"பாட்டுப் போட்டா நல்லாவே திங்குதுங்க. கல்யாண வீடுன்னு நெனச்சுக்கிச்சுங்க."

பிறகு தன் குரலைக் கசெற்றில் பதிந்து போட்டிருக்கிறார். விதைத்த நாள் முதல் கேட்டுப் பழகிய குரல் என்பதால் பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. கடைசியில் மனைவி ராக்காயியைக் கூப்பிட்டு, அவர் திட்டுவதைப் பதிந்து, கொட்டிலுக்குக் கொண்டுபோய் முழுச் சத்தத்தில் விட்டார்.

"ஒண்ணு நிக்கல மொதலாளி. குட்டி வேற, தாய் வேற ஓடிருச்சுங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம், சலசலன்னு கேட்டா ஒரு அமுக்கு. அவ்வளவுதான். நான் தூங்குவேன், அவ திட்டுவா, பன்னி ஓடும்."

ஏரம்பண்ணையின் முகம் விரிந்தது. பாரம் கழன்ற வியாபாரியின் முகத்தை எனக்குத் தெரியும்.

"ஆ, பண்டிக்கோ! முதலே சொல்லியிருக்கலாமே. பண்டிக்குக் கரன்ரி இல்லை."

"ஒரு வருசம்னு சொன்னீங்களே."

"வீட்டுப் பாவிப்புக்கு ஒரு வருசம்."

"கச்சான் வெளஞ்சதுல இருந்து என் வீடே அந்தக் கொட்டிலுதானுங்க. சோறும் அங்கதான் வருது."

"அது கொட்டில்."

"கூரை இருக்குங்களே."

"சுவர் இருக்கோ?"

"சுவரு இருந்தா பன்னி எப்புடிங்க தெரியும்?"

ஏரம்பண்ணை சுவரை விட்டுவிட்டார். வேறு பக்கத்தால் வந்தார். "சரி, வீடு எண்டே வைப்பம். சத்தத்தை எத்தினையிலை வைச்சனீர்?"

"பத்துல."

"பாத்தீரோ! பத்திலை வைச்சால் கிழியாமல் என்ன செய்யும்?"

மாயாண்டி குனிந்து சத்தம் கூட்டும் குமிழைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று பத்து வரைக்கும் வெள்ளையில் எழுதியிருந்தது. "பத்து எங்களுக்கு இல்லன்னா ஒம்பதோட நிறுத்தியிருக்கலாங்களே, மொதலாளி. நான் பன்னெண்டுல வைக்கலியே."

நான் இந்தப் பக்கம் கயிறு அளந்துகொண்டு நின்றவன், முழத்தைத் தவறவிட்டேன்.

"அதெல்லாம் கதையில்லை," என்றார் ஏரம்பண்ணை. "பெட்டியை விட்டிட்டுப் போம். யாழ்ப்பாண ஏஜன்ருக்கு அனுப்பிறன். அவங்கள் பாத்து ஓமெண்டால் மாசிக் கடைசியிலை வரும். இல்லையெண்டால் செலவு உம்மடை தலையிலை."

"மாசியில எங்க கொல்லையில பன்னிக்கு என்னங்க வேலை? தையிலயே தின்னு முடிச்சிருமே. இன்னும் ஒரு வாரம் காத்துட்டா நாங்க புடுங்கிருவோம். குத்தகை, வெத, கடன் எல்லாம் அந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கு. இன்னைக்கு ராத்திரிக்கு யாருங்க கத்துறது?"

இதைச் சொல்லும்போது குரல் முற்றாக அற்றுப்போனது. உதடு மட்டும் அசைந்தது. ஏரம்பண்ணை கொஞ்சம் சங்கடப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் உடனே என்னைக் கூப்பிட்டார்.

"முத்துலிங்கம்! இஞ்சை வாரும். நீர் ஒரு நியாயம் சொல்லும்."

எங்கள் கடைத்தெருவில் இதற்கொரு முறை உண்டு. வாங்கியவர் சண்டைக்கு வந்தால், விற்றவர் பக்கத்துக் கடைக்காரனை நியாயம் சொல்லக் கூப்பிடுவார். பக்கத்துக் கடைக்காரன் முகத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு, முதலில் வாங்கியவருக்காக ஒரு 'த்சொ' கொட்டி, பிறகு "எல்லாக் கடையிலும் இதுதானே வழமை" என்று முடிக்க வேண்டும். நாளைக்கு என் மண்வெட்டி முறிந்தால் அவர் வந்து இதையே எனக்குச் செய்வார். இப்படித்தான் நாங்கள் நடுநிலையைக் காப்பாற்றி வந்தோம்.

நானும் வந்து 'த்சொ' கொட்டினேன். மற்ற வசனத்துக்கு வாயைத் திறந்தபோது மாயாண்டியின் கழுத்து கண்ணில் பட்டது. நரம்பெல்லாம் புடைத்துத் தடித்திருந்தது. வசனத்தை மாற்றிவிட்டேன்.

"அண்ணை கேக்கிறதுக்குப் பதில் சொல்ல உமக்குத்தான் குரல் இல்லையே," என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னேன். "குரல் உள்ள ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன?"

ஏரம்பண்ணை என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் பத்து வருட நடுநிலையும் கிழிந்து தொங்கியது.

ராக்காயி சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்தார். மாயாண்டி போய் அழைத்து வந்தார். வந்தவரைப் பார்த்ததும் எனக்கே ஏமாற்றம். பன்றிக் கூட்டத்தையே ஓட்டிய பெண் என்றதும் நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த உருவத்தில் இவர் கால்வாசிகூட இல்லை. மெலிந்த, சின்ன ஆள். கீரைக் கூடையை வாசலுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டு, கடைக்குள் கால் வைக்கவே யோசித்து நின்றார்.

"கும்புடுறேனுங்க மொதலாளி," என்றார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "பொட்டிய நான் ஒடச்சிட்டேன்னு சொன்னீங்களாமே."

"நீர்தான் உடைச்சது எண்டு நான் சொல்லேல்லை. உம்மடை குரல் உடைச்சது."

"என் குரலாங்க?" என்று இன்னும் மெல்லக் கேட்டார்.

சந்தைக்கு வந்த நாலைந்து பேர் அதற்குள் வாசலில் கூடியிருந்தார்கள். ஏரம்பண்ணையின் கடைக்கு முன்னால் ஆள் கூடுவது புதினமில்லை. பாட்டுக் கேட்கக் கூடுவார்கள். அன்று வேறு பாட்டு. அவர்களில் ஒருவர் உருத்திரபுரத்தில் மாயாண்டியின் காணிக்கு நாலு வயல் தள்ளி நெல் விதைத்திருந்த செல்வராசா. ராக்காயியைப் பார்த்துவிட்டு அவர் ஏரம்பண்ணையைப் பார்த்தார்.

"அண்ணை, உந்தப் பிள்ளை கதைக்கிறது பக்கத்திலை நிக்கிற எனக்கே கேக்கேல்லை. இவவோ உங்கடை பெட்டியை உடைச்சது?"

கூட்டம் சிரித்தது. ஏரம்பண்ணைக்குச் சூடு ஏறியது. வியாபாரத்தில் நட்டத்தைக்கூடத் தாங்குவார், பொய் சொல்கிறார் என்று நாலு பேர் நினைப்பதைத் தாங்கமாட்டார். அது உண்மையாக இருக்கும்போதே தாங்கமாட்டார். இப்போதோ அவர் சொன்னது சரி வேறு.

"கசெற் எங்கை? கொண்டு வந்தனீரோ?"

மாயாண்டி சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். ராக்காயியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அது வேணாங்க மொதலாளி," என்றார் ராக்காயி.

"ஏன் வேண்டாம்? போட்டுப் பாத்தால் தெரிஞ்சு போம், ஆற்றை குரல் என்னெண்டு."

"இங்க வேணாங்க. ஆளுங்க நிக்கிறாங்க."

"பாத்தியளோ, பாத்தியளோ! பயப்பிடுகினம்!" ஏரம்பண்ணை கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

வாங்க வந்தவர் ஒரு முறை வேண்டாம் என்றால் விலை குறைக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். இரண்டு முறை வேண்டாம் என்றால், விற்கிறவன் தன் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும், ஏரம்பண்ணைக்கு என்னிலும் நன்றாகத் தெரியும். ஆனால் கோபம் வந்த வியாபாரி சாதாரண மனிதனாகிவிடுகிறான். கையை நீட்டிக் கசெற்றை வாங்கி, தொங்கிய பெட்டிகளில் மாயாண்டியுடையதைப் போலவே ஒரு புதியதை இறக்கினார்.

"பத்துல வச்சா இதுவும் கிழிஞ்சு போகுங்களே," என்றார் ராக்காயி, உண்மையான கவலையோடு. "அப்புறம் அதையும் எங்க தலையில கட்டிருவீங்க."

"என்ரை பெட்டி கிழியாது!" என்று ஏரம்பண்ணை வீதிக்கே கேட்கச் சொன்னார். "பத்திலை வைச்சாலும் கிழியாது!"

நான் ஸ்ரீபனைப் பார்த்தேன். ஸ்ரீபன் கூரையைப் பார்த்தான். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஏரம்பண்ணைக்கு மட்டும் அது தெரியவில்லை. பெட்டியை நடுமேசையில் வைத்து, பத்துக்குத் திருகி, பொத்தானை அமுக்கினார்.

முதலில் உஸ் என்று இரைந்தது. பிறகு மாயாண்டியின் குரல், நல்ல சுகத்தோடு: "சொல்லு புள்ள, செவப்பு லைட்டு எரியுது."

பிறகு வந்தது ராக்காயி.

"ஏய் ஏரம்பூ!"

வீதியில் போன மாட்டு வண்டி நின்றது.

"ஏய் ஏரம்பு மொதலாளி! நீயெல்லாம் ஒரு மனுசனா? ஓசி, ஓசின்னு கையில திணிச்சியே, வீட்டுக்குக் கொண்டாந்து போட்டா அதுல என்னடா இருக்கு? பாட்டு இருக்கா? பேச்சு இருக்கா? ஒரு இருமலாவது இருக்கா? உஸ்ஸுங்குது! வெறும் உஸ்ஸு! வெறுஞ்சட்டியக் குடுத்துட்டுக் கறின்னு சொல்ற ஆளு நீதாண்டா!"

இடையில் மாயாண்டி தயங்கிக்கொண்டு: "பன்னி, புள்ள. பன்னியையும் கொஞ்சம் சொல்லு."

"எல்லாம் ஒண்ணுதான்! ஏய் ஏரம்பு, எறங்குடா கொல்லைய விட்டு! அடுத்தவன் பாடுபட்டு வெதச்சதத் தின்னவா வந்த? மூஞ்சியப் பாரு, மூஞ்சிய! நோண்டுன மண்ணு மூக்குல ஒட்டியிருக்கு! ஓடு! குட்டி குருமானெல்லாம் கூட்டிக்கிட்டு ஓடுறா!"

ஏரம்பண்ணையின் கை சத்தக் குமிழுக்குப் போனது.

"இருக்கட்டும் அண்ணை," என்றார் செல்வராசா. "கிழியுதோ எண்டு பாப்பம்."

கை திரும்பி வந்தது. கிழியாது என்று சொன்னவர் எப்படி நிறுத்துவது? கசெற் ஓடியது. ஏரம்பண்ணையின் மூக்கு, வயிறு, பேச்சு, அவர் பெட்டியைத் தடவும் விதம் எல்லாவற்றையும் பற்றி ராக்காயிக்குச் சொல்ல விஷயம் இருந்தது. எல்லாவற்றின் முடிவிலும் கொல்லையை விட்டு ஓடச் சொன்னார். மேசைக்குப் பின்னால் ஏரம்பண்ணை, நெற்றியில் வியர்வையோடு, தன் பெட்டி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு சொல் இரையவில்லை. ஒரு எழுத்து கரகரக்கவில்லை.

கடைசியில் அவரே நிறுத்தினார். ராக்காயி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

"நான் வேணாம்னேனுங்களே. ஓசியாப் பாட்டுக் குடுத்திருக்காருன்னு நம்பி அக்கம்பக்கமெல்லாம் கூப்புட்டு ஒக்கார வச்சேனுங்க. கடலகூட அவிச்சு வச்சேன். போட்டா ஒண்ணுமே இல்ல. எல்லாரும் கடலயத் தின்னுட்டுச் சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கோவத்துல பேசுனதுங்க. சும்மா பன்னியப் பாத்துத் திட்டச் சொன்னா எனக்கு வரல. அது என்ன பாவம் பண்ணுச்சு, பசிக்குத் திங்குது."

வெறும் கசெற் என்பது தாங்களே பதிந்துகொள்வதற்கு என்று ஏரம்பண்ணை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு வேறு சொல் தேவையில்லை என்பது எங்கள் தொழிலின் பழக்கம்.

செல்வராசா முன்னால் வந்தார். "இதுதானோ சங்கதி! நான் ஒரு மாசமாய் யோசிச்சுக்கொண்டிருந்தன், ஏரம்பண்ணை ஏன் உங்கை வந்து கச்சானுக்குள்ளை நிக்கிறார், ஆரோ ஒரு பொம்பிளை ஏன் அவரைப் போட்டுத் துரத்துறா எண்டு. பெட்டியோ! முந்தநாளிலை இருந்து சத்தத்தைக் காணேல்லை. பண்டி நேரே என்ரை பக்கமும் வந்திட்டுது." பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். தலையைத் தடவினார். "என்ன விலை அண்ணை?"

விலை என்ற சொல் கேட்டதும் ஏரம்பண்ணைக்கு உயிர் வந்தது. வியர்வை எங்கே போனது என்று தெரியவில்லை.

"உங்களுக்கெண்டால் பாத்துச் செய்யலாம். அசல் ஜப்பான். கேட்டனீங்கள்தானே? நாலு வயல்."

"அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனே. எனக்கும் பண்டிக்குத்தான் வேணும். பாட்டுக் கேக்க எனக்கு நேரமில்லை."

"எனக்கும் ஒண்டு," என்றார் பின்னால் நின்ற இன்னொருவர்.

"கரன்ரி இருக்கோ?" என்று செல்வராசா கேட்டார்.

"ஒரு வருசம்!"

"வயலிலை வைச்சால்?"

ஏரம்பண்ணை செல்வராசாவைப் பார்த்தார். பின்னால் நின்றவரைப் பார்த்தார். மேசையில் உரச் சாக்குக்கு மேல் வாய் பிளந்து கிடந்த மாயாண்டியின் பெட்டியைப் பார்த்தார். இல்லை என்றால் இரண்டு பெட்டி போகும். ஓம் என்றால் ஒரு ஸ்பீக்கர் போகும். இந்தக் கணக்கை என் அக்காவின் மூன்று வயது மகளே போட்டுவிடுவாள். என்றாலும் அவர் மானத்துக்காகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "முத்துலிங்கம், நீர் சொல்லும். நியாயம் என்ன?"

இந்த முறை நான் பிழை விடவில்லை. "எல்லாக் கடையிலும் வயலுக்கும் சேர்த்துத்தானே அண்ணை கரன்ரி," என்றேன். "அதுதானே வழமை."

"ஓம்," என்றார் ஏரம்பண்ணை, ஏதோ தலைமுறை தலைமுறையாக இருந்த சட்டம் போல. "கொட்டிலும் வீடுதான். கூரை இருந்தால் வீடு."

"அப்ப எங்களுதுங்க?" என்று பஞ்சுக் குரல் கேட்டது.

"ஸ்ரீபன்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அந்த ஸ்பீக்கரை எடுத்துப் பூட்டு!"

ஸ்ரீபன் மேசை லாச்சியைத் திறந்தான். யாழ்ப்பாணம் அதற்குள்ளேயே இருந்தது.

அவன் பற்றவைக்கும் புகை மணத்தபடி இருக்க, மாயாண்டி பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு திருகாணியும் இறுகும்போது தானும் வாயை இறுக்கினார். வேலை முடிந்து பெட்டி உரத்துப் பேசியதும், யாரைப் பார்த்து என்றில்லாமல் கைகூப்பினார். அன்று இரவுக்குக் காவல் கிடைத்துவிட்டது.

ஆனால் செல்வராசா இன்னும் காசை எடுக்கவில்லை. "அண்ணை, பெட்டி மட்டும் கொண்டுபோய் நான் என்ன செய்யிறது? என்ரை மனுசி பாவம், ஒருத்தரையும் ஏசத் தெரியாது. அந்தக் கசெற்றும் வேணும்."

"தாறன், தாறன். கொப்பி அடிச்சுத் தாறன்," என்ற ஏரம்பண்ணை, அடிக்கப்போவது என்ன என்பது நினைவுக்கு வந்து நின்றார். இன்னும் இரண்டு பெட்டி. நாளைக்கு அதைக் கேட்டு இன்னும் சிலர். உருத்திரபுரம் முழுக்க, வரம்புக்கு வரம்பு, அவர் பெயர் பன்றியோடு ஓடப்போகிறது. ராக்காயியிடம் வந்து குழைந்தார்.

"பிள்ளை, ஒரு உதவி. புதுசாய் ஒருக்கால் பேசித் தாரும். எல்லாம் அப்பிடியே இருக்கட்டும். பேரை மட்டும் விட்டிடும்."

ராக்காயி தலையாட்டினார். ஏரம்பண்ணை புதுக் கசெற் போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கி, கையைக் காட்டினார். கூட்டம் மேசையை நெருங்கி வந்தது.

"ஏய் பன்னி," என்றார் ராக்காயி. யோசித்தார். "போயிருங்க. எங்களுக்கும் வயிறு இருக்குல்ல."

இதைக் கேட்டால் போகிற பன்றியும் கூச்சப்பட்டு ஒரு நேரம் தங்கிவிட்டுத்தான் போகும்.

"உரத்து, பிள்ளை! கோவமாய்!"

"வரலீங்களே மொதலாளி. நீங்கதான் செஞ்சு குடுத்துட்டீங்களே. இப்ப ஒங்க மேல கோவமே இல்ல. யாராவது ஏமாத்துனாத்தான் எனக்கு வாய் வரும்."

"அப்ப இன்னொருக்கால் பழுதாக்குங்கோ அண்ணை," என்றார் செல்வராசா. கூட்டம் மறுபடி சிரித்தது.

ஏரம்பண்ணை சிரிக்கவில்லை. அவர் கண் மெல்லத் திரும்பி, நியாயம் சொல்லிவிட்டு நல்ல மனிதனாக வாசல் நிலையில் சாய்ந்து நின்ற என்னில் வந்து தங்கியது.

"பிள்ளை," என்றார் தேனாக. "பக்கத்துக் கடையிலை எப்பவாவது ஏதும் வாங்கினனீரோ?"

"அண்ணன்கிட்டயாங்க?" ராக்காயி நெற்றியைச் சுருக்கினார். "வாங்கியிருக்கோம். மழைக்கு முன்னாடி ஒரு மம்பட்டி. புடி..." என்று நிறுத்தினார்.

"பிடிக்கு என்ன நடந்தது?" ஏரம்பண்ணையின் விரல் சிவப்புப் பொத்தானில் இருந்தது.

"ரெண்டாம் நாளே கழண்டு போச்சுங்க. காஞ்ச கட்டைன்னு சொல்லித்தான் குடுத்தாரு." பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறாகத் திரிந்தது. "பச்ச மரமுங்க அது! வெட்டுனா மம்பட்டி ஒரு பக்கம் போகுது, புடி ஒரு பக்கம் போகுது! பாத்தி பாதியில நிக்குது, மழ வருது, நான் வெறுங்கையோட..."

அந்தக் கழுத்திலும் ஒரு நரம்பு எழும்புவதைக் கண்டேன். அதற்கு மேல் நான் நிற்கவில்லை. மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு என் கடைக்குள் பாய்ந்து, இருந்ததில் நல்ல காஞ்சூர மரப் பிடியாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"தங்கச்சி, கோவிக்காதைங்கோ! இந்தாங்கோ, புதுப் பிடி. நல்லாய்க் காய்ஞ்சது, தட்டிப் பாருங்கோ. மண்வெட்டியைக் கொண்டு வாங்கோ, நானே இறுக்கித் தாறன்."

"எவ்வளவுங்க?"

"ஒண்டும் வேண்டாம்!"

நரம்பு அடங்கியது. குரல் பழையபடி பஞ்சானது. "நல்லா இருப்பீங்க அண்ணே," என்றார்.

ஏரம்பண்ணை பொத்தானில் இருந்து விரலை எடுத்தார். பெருமூச்சு விட்டார். "ஸ்ரீபன், உள்ளதையே கொப்பி அடி," என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

பிடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்பட்ட ராக்காயியிடம், அதற்கும் ஒரு வருடம் கரன்ரி என்று சொல்லி அனுப்பினேன். வயலில் பாவித்தாலும் செல்லும் என்று, கேட்பதற்கு முன்பே சொன்னேன்.